கீனனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை

ஆம்ப்ரோஸ் பிகெட்டி பெரிய லீக்கில் பதினோரு குளிர்காலம் ஐஸ் ஹாக்கி ஆடியவன். ஐம்பத்தாறு வயதுக்காரனை இப்படி ‘அவன்’ என்று எழுதுவதற்காக, வடக்குக் கோடியில் இருக்கிற அவன் சொந்த ஊரான லூன் நேரோஸில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘அவர்’ என்று எழுதினால்தான், பாவம், என்ன தப்பு செய்தான் என்று விசாரிப்பார்கள்.

அந்தப் பதினோரு வருடத்தில் அவன் அடித்த கோல் ஒன்பது. அடித்த ஆட்களுக்குக் கணக்கே இல்லை. எதிரணியில் எவனாவது நம் ஆள்மீது கை வைத்தால், கையுறையை உதறிவிட்டுப் போய் அவனைச் சாத்துவதுதான் அவனுக்கு அணி கொடுத்திருந்த வேலை. பத்திரிகைக்காரர்கள் ‘வடக்கத்திச் சம்மட்டி’ என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கீழே விழ விடவில்லை. கோடை விடுமுறைக்கு வந்தவனை, “சம்மட்டி, வந்துட்டியா, படகுத்துறையில ரெண்டு பலகை ஆடுது” என்று கூப்பிட்டு ஆணி அடிக்க விட்டார்கள்.

விரல்கள் கோணி, முழங்கால் மடங்காமல் போய் ஆட்டத்தை விட்ட பிறகு, தெற்கே அவன் ஆடிய அதே நகரத்து அணி அவனுக்கு வேறு வேலை கொடுத்தது. ஊர் ஊராக வண்டியோட்டிப் போய், குளிரில் விறைத்த அரங்குகளில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டு, ஆடுகிற பிள்ளைகளில் எவன் தேறுவான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கவுட் என்று அதற்குப் பெயர். ‘பையன் பார்க்கிற உத்தியோகம்’ என்று பெயர் வைத்தது பிலோமின்.

பிலோமின் பாலண்டைன் அவனுடைய மாமன் மகள். இந்த ஊரின் க்ரீ பழங்குடி ஜனங்களிடம் மாமன் மகள் என்றால் கட்டிக்கொள்கிற முறை. கட்டிக்கொள்ளாவிட்டால் ஆயுசுக்கும் கேலி செய்கிற உரிமை. பிலோமின் அல்ஃபோன்ஸ் என்ற நல்ல மனிதனைக் கட்டிக்கொண்டு, ஆம்ப்ரோஸை இரண்டாவது வகையில் வைத்துக்கொண்டாள். அல்ஃபோன்ஸ் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இப்போது ஊர் ஹாக்கி அரங்கின் கேண்டீனை அவள்தான் நடத்துகிறாள். அங்கே பானாக் ரொட்டியும் இறைச்சி சூப்பும் காசுக்குக் கிடைக்கும், வசவு இலவசம்.

அவளுக்கு ஒரே மகன், கீனன். பதினெட்டு வயது. தெற்கே ஜூனியர் லீக்கில் தடுப்பாட்டம் ஆடுகிறான், குளிர்காலம் முடியும் முன்பே சீசன் முடிந்து ஊருக்கு வந்துவிடுவான். மாமன் மகளின் மகன் ஆம்ப்ரோஸுக்கும் மகன் முறைதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

ஜூன் மாதம் பெரிய லீக்கின் அணிகளெல்லாம் ஒன்றுகூடி, இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கும். டிராஃப்ட் என்பார்கள். அதில் ஒரு அணி கீனனை எடுத்தால் அவன் பிழைத்தான். “இந்த வருஷமும் யாரும் எடுக்கலேன்னா சுரங்கத்துக்குப் போயிடறேன், பெரியப்பா” என்று ஆம்ப்ரோஸிடம் சொல்லியிருந்தான். சொன்னபடி செய்கிற பையன். சுரங்கத்துக்குப் போனவர்கள் யாரும் ஸ்கேட்டைத் திரும்ப எடுத்ததில்லை.

ஊரான் பிள்ளையாக இருந்தால் ஆம்ப்ரோஸ் அணி அலுவலகத்தில் மணிக்கணக்கில் புகழ்ந்து தள்ளுவான். கீனன் பெயர் வந்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். தன் பிள்ளையைத் தானே புகழ்வது லூன் நேரோஸில் சட்டையில்லாமல் பனியில் போய் நிற்பது போல. மானமும் போகும், உடம்புக்கும் ஆகாது. அதனால் ஆம்ப்ரோஸ் ஒரு யோசனை செய்தான். தான் வாயைத் திறக்க வேண்டாம், தலைமை ஸ்கவுட்டையே ஊருக்குக் கூட்டிவந்து காட்டிவிட்டால் அவரே பார்த்துத் தெரிந்துகொள்வார். மூளை வேலை செய்கிறது என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

தலைமை ஸ்கவுட் ரஸ்ஸல் ஹேவர்ஸ் மார்ச் மாதம் நடக்கும் ஊர்ப் போட்டிக்குச் சிறு விமானத்தில் வந்து இறங்கினார். அவர் நல்ல மனிதர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. “ஆட்டத்த வீடியோவுலயே பாத்துடலாம், ஆம்ப்ரோஸ். ஆளை அவன் ஊர்லதான் பாக்கணும். அரங்கைக் கூட்டறவங்க, டீ விக்கறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, அவங்கதான் உண்மைய சொல்லுவாங்க.” இந்தக் கொள்கையால் அவர் வேறு ஊர்களில் நிறையப் பேரைச் சரியாகக் கணித்திருக்கிறார். லூன் நேரோஸுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அணிக்குக் கடைசிச் சுற்றுகளில் ஒரு தடுப்பாட்டக்காரன்தான் தேவை. லூன் நேரோஸிலேயே இரண்டு பேர் இருந்தார்கள், கீனனும் கடை மேனேஜரின் மகன் பிரஸ்டனும். இரண்டு பேரையும் ஒரே போட்டியில் பார்த்துவிடலாம் என்பதில் ரஸ்ஸலுக்கு மகிழ்ச்சி.

வந்ததும் வராததுமாக கேண்டீனுக்குப் போனார். ஆம்ப்ரோஸ் கூடவே போனான்.

“நீங்கதான் கீனனோட அம்மான்னு சொன்னாங்க.”

“ஆமா” என்றாள் பிலோமின், சூப்பைக் கிண்டிக்கொண்டே. “என் தப்புதான்.”

ஆம்ப்ரோஸ் சிரித்தான். ரஸ்ஸல் சிரிக்கவில்லை.

“பையன் வீட்ல எப்படி?”

“தின்பான், தூங்குவான். மிச்ச நேரத்துல ஸ்கேட்ட மாட்டிக்கிட்டு விழுவான். இந்தா நிக்கிறானே, இவனைப் பாத்துக் கத்துக்கிட்டது. பதினோரு வருஷத்துல ஒம்பது கோல் போட்ட பெரிய மனுஷன். அதுலயும் ரெண்டு, இவன் முதுகுல பட்டுத் தானா உள்ள போனது.”

“ஒண்ணுதான்டி முதுகுல பட்டுது” என்றான் ஆம்ப்ரோஸ்.

“இன்னொண்ணு எங்க பட்டுதுன்னு இவருக்கு முன்னாடி சொல்ல வேணாமேன்னு பாத்தேன் மச்சான்.”

ஆம்ப்ரோஸுக்கு வாயெல்லாம் பல். குளிர்காலம் முழுக்க மோட்டல் அறைகளில் படுத்துத் தூங்கியவனுக்கு, ஊருக்கு வந்துவிட்டோம் என்று தெரிவது இந்தக் கேண்டீனில்தான்.

ரஸ்ஸல் அடுத்து இசிடோரிடம் போனார். இசிடோர்தான் ஆட்டத்தின் இடைவேளைகளில் வண்டியோட்டிப் பனித்தளத்தைச் சமப்படுத்துகிறவன்.

“கீனனா? சதுப்புல மாட்டிக்கிட்ட சினை மூஸ் மான் ஒண்ண நீங்க பாத்திருக்கீங்களா? அதுதான் அவன் ஸ்கேட் பண்ற லட்சணம். அவன் ஆடி முடிச்சா எனக்கு ரெண்டு டாங்கி தண்ணி கூட ஆகும்.”

ஊர்த் தலைவி மார்செலினையும் விடவில்லை.

“போன மாசம் எங்க வீட்டுக்கு விறகு கொண்டாந்து போட்டான். அவன் அடுக்கின அழகப் பாத்துட்டு எங்க நாய் ரெண்டு நாள் வெளியவே வரல.”

இப்படியே ஊர் முழுக்க. ஒருத்தன் கீனனின் காதைச் சொல்லிக் கேலி செய்தான். ஒருத்தி அவன் பாட்டுப் பாடினால் ஏரியில் மீன் ஆழத்துக்குப் போய்விடுகிறது என்றாள். ஆம்ப்ரோஸ் ஒவ்வொன்றுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிள்ளையை ஊர் எவ்வளவு கொண்டாடுகிறது என்று நினைத்து அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிரஸ்டனைப் பற்றியும் ரஸ்ஸல் கேட்டார்.

“நல்ல பையன்” என்றாள் பிலோமின்.

“மரியாதையான பையன்” என்றான் இசிடோர்.

“குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்றாள் மார்செலின், கதவை மெல்லச் சாத்திக்கொண்டே.

பிரஸ்டன் மற்றவர்களின் ஸ்கிடூ பனிவண்டியை வாங்கிக்கொண்டு போனால் பெட்ரோல் இல்லாமல் கொண்டுவந்து விடுகிறவன். பத்து வருடமாக ஊரில் இருக்கிறான், யாரும் அவனை ஒரு தடவைகூடக் கேலி செய்ததில்லை. லூன் நேரோஸில் அதைவிட மோசமாக ஒருவனைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. ரஸ்ஸலின் முகமோ ‘நல்ல பையன்’ என்று கேட்கும்போதெல்லாம் மலர்ந்துகொண்டே போயிற்று. பக்கத்திலேயே நின்ற ஆம்ப்ரோஸ் அதைக் கவனிக்கவில்லை. சொந்த ஊரில் நிற்கும்போது யாருக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். மூன்று கட்டங்களில் இரண்டாவதில் கீனன் தன் கோலுக்குப் பின்னால் ரப்பர் வட்டை வாங்கினான். எதிரணியில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் மேலே வந்து விழுந்தார்கள். வேறு எவனாக இருந்தாலும் வட்டைக் கண் காணாத தூரத்துக்கு விரட்டியிருப்பான். கீனன் பேருந்துக்கு நிற்பவனைப் போலச் சும்மா நின்றான். இருவரும் தொடுகிற தூரத்துக்கு வந்த பிறகு, அவர்களின் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் வட்டை விட்டான். அது நேராகப் போய்ப் பாதித் தளத்தைக் கடந்து தன் ஆளின் மட்டையில் உட்கார்ந்தது. கோல்.

ரஸ்ஸல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது என்ன, ஆம்ப்ரோஸ்? தெரிஞ்சு பண்ணினானா?”

ஆம்ப்ரோஸின் நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது. ஆனால் முன் வரிசையில் பிலோமினின் தம்பி உட்கார்ந்திருந்தான், அவன் பக்கத்தில் இசிடோர் வேறு. இரண்டு பேருடைய முதுகும் காது கொடுத்துக்கொண்டிருந்தன.

“கண்ண மூடிக்கிட்டு அடிச்சிருப்பான்” என்றான் ஆம்ப்ரோஸ்.

முன் வரிசை திருப்தியாகச் சிரித்தது.

மறுநாள் காலை ஆம்ப்ரோஸின் சமையலறையில் ரஸ்ஸல் பானாக் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

“முடிவு பண்ணிட்டேன். பிரஸ்டன எடுத்துக்கலாம்.”

ஆம்ப்ரோஸுக்குத் தேநீர் புரையேறியது.

“பிரஸ்டனா?”

“ஆட்டத்துல கீனன் ஒரு படி மேலதான், ஒத்துக்கறேன். ஆனா ஆள் சரியில்லையே. ஊர்ல ஒருத்தர்கூட நல்லதா ஒரு வார்த்தை சொல்லலயே, ஆம்ப்ரோஸ். பெத்த தாயே தப்புங்கறாங்க. நீங்களே கண்ண மூடிக்கிட்டு அடிச்சான்னு சொன்னீங்க.”

ஊர் முழுக்கக் கேட்ட கேலியெல்லாம் இப்போது முதல் தடவையாக ரஸ்ஸலின் காதால் அவனுக்குக் கேட்டது.

இந்த வித்தையை அவன் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறான், அதுவும் தனக்கே. அவனும் பதினெட்டு வயதில் கீனனைப் போலத்தான் இருந்தான். சம்மட்டியில்லை. ஊர் அணியில் அவனளவு கோல் போட்டவன் கிடையாது, வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். டை கட்டிய மூன்று பேர் அவனை ஓர் அறையில் உட்காரவைத்து, உனக்கு எது நன்றாக வரும் என்று கேட்டார்கள். நான் நன்றாகக் கோல் போடுவேன் என்று எந்த க்ரீ பையன் சொல்வான்? “பெரிசா ஒண்ணும் வராது. எவனாவது தள்ளினா திருப்பித் தள்ளுவேன்” என்றான். ஊராக இருந்தால் சிரித்துவிட்டு, சரி, நல்ல ஆட்டக்காரன்தான் என்று புரிந்துகொள்வார்கள். அந்த மூன்று பேர் அவன் தோள்களைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பதினோரு வருடம் அவன் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தான். வேறு எதற்கும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

விமானம் மத்தியானம். ஆம்ப்ரோஸ், “வண்டியச் சூடு பண்ணிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு நேரே பிலோமின் வீட்டுக்குப் போய் நின்றான்.

“பிலோமின், ஒரு உதவி. ரஸ்ஸல்கிட்ட கீனனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்.”

“நாலா? எங்க போய்த் தேடறது மச்சான். அக்கம்பக்கத்துல கடன் வாங்கினாத்தான் உண்டு.”

“விளையாடாத. அவர் பிரஸ்டன எடுக்கப் போறார். நாம சொன்னதையெல்லாம் நிஜம்னு நம்பிட்டார்.”

பிலோமினின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் தப்புன்னு சொன்னத?”

“அதையுந்தான்.”

“அந்த ஆளுக்கு அறிவு இருக்கா இல்லையா? எந்தத் தாயாவது பெத்த பிள்ளைய...” மேலே பேச முடியாமல் நிறுத்தினாள். பிறகு, “சரி, வர்றேன். சொல்றேன்” என்றாள். தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

விமான ஓடுதளம் என்றால் பனியைத் தள்ளிய ஒரு பாதையும் ஒரு தகரக் கொட்டகையும்தான். விமானம் வந்தால் சரக்குப் பெட்டி வாங்க, மீன் ஏற்றிவிட, சும்மா வேடிக்கை பார்க்க என்று பாதி ஊர் அங்கே நிற்கும். கீனன் விமானத்திலிருந்து பால் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். தன் தலையெழுத்துப் பற்றி அந்தப் பக்கம் பேச்சு நடக்கப் போவது அவனுக்குத் தெரியாது.

பிலோமின் ரஸ்ஸலின் எதிரே போய் நின்றாள்.

“என் மகனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க” என்றார் ரஸ்ஸல்.

கொட்டகையில் பேச்சு அடங்கியது. இசிடோர் திரும்பிப் பார்த்தான். மார்செலின் கையிலிருந்த மீன் பையைக் கீழே வைத்தாள். பிலோமின் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். காதுவரை சிவந்தாள். லூன் நேரோஸிலேயே பெரிய வாய்க்காரிக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை.

“அவன் வந்து... கீனன்... அவனுக்குப் பல்லு நல்லா இருக்கும்.”

“பல்லா?”

“இது வரைக்கும் ஒண்ணும் விழல” என்றாள் பிலோமின். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிலோமின் தலையைக் குனிந்துகொண்டு போய் எண்ணெய் டிரம்களின் ஓரத்தில் நின்றுகொண்டாள். அவள் கண் கலங்கியிருப்பதை ஆம்ப்ரோஸ் பார்த்தான். அவள் கண் கலங்கிப் பார்ப்பது அல்ஃபோன்ஸ் சாவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

விமானி கையைக் காட்டி, ஏறச் சொன்னான். ரஸ்ஸல் பையை எடுத்தார்.

ஆம்ப்ரோஸ் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

“ரஸ்ஸல், நில்லுங்க. நான் சொல்றேன்.”

பால் பெட்டியோடு கீனன் பத்தடி தூரத்தில்தான் நின்றான். ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஆம்ப்ரோஸ் தன்னைவிடத் தடியான எத்தனையோ பேரின் எதிரே போய் நின்றிருக்கிறான். அங்கெல்லாம் பேச வேண்டியிருந்ததில்லை.

“நேத்து அந்த வட்டை அவன் கண்ண மூடிக்கிட்டு அடிக்கல. ரெண்டு பேரும் தன்கிட்ட வரட்டும்னு காத்திருந்தான். வட்டு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதை யாருக்குக் கொடுக்கணும்னு அவனுக்குத் தெரியும். இது சொல்லிக்கொடுத்து வர்றதில்ல. நான் இத்தனை வருஷமா எத்தனையோ ஊர்ல உக்காந்து பாத்துட்டேன், இவனை மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைக்கல. நான் நல்லா ஆடின காலத்துல ஆடினதவிட இவன் நல்லா ஆடறான்.”

அவர் கையை விடாமலே ஆம்ப்ரோஸ் தொடர்ந்தான்.

“மார்செலின் வீட்டு விறகுன்னு சொன்னாங்கல்ல? அவங்க கேக்கல, இவனாத்தான் கொண்டுபோய்ப் போட்டான். அப்பன் செத்ததுலேருந்து எந்தெந்த வீட்ல ஆம்பள இல்லையோ அங்கல்லாம் போடறான். நேத்து எதிரணி கோல்கீப்பருக்குக் கால் கவசத்தோட பட்டி அறுந்துச்சு. முட்டி போட்டு உக்காந்து அதைக் கட்டிவிட்டவன் இவன். கட்டிவிட்டுட்டு அடுத்த நிமிஷமே அவன் மேல கோல் போட்டான். என் மகனா இருந்தா நான் பெருமைப்படுவேன். முறைக்கு என் மகன்தான். பெருமையாத்தான் இருக்கு.”

“அப்ப எல்லாரும் ஏன் சிரிச்சாங்க?” என்று கேட்டார் ரஸ்ஸல். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

“எங்க ஊர்ல யாரை விட்டுக்கொடுக்க மாட்டோமோ அவன் காலத்தான் வாருவோம். வேண்டாதவன்னா நல்ல பையன்னு சொல்லி அனுப்பிடுவோம்.”

ரஸ்ஸல் யோசித்தார். “ஆபீஸ்ல நாங்க எல்லாரும் உங்களப் பத்தி நல்லதாத்தானே சொல்றோம்.”

“அது எனக்குத் தெரியும்” என்றான் ஆம்ப்ரோஸ்.

ரஸ்ஸல் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். விமானத்தில் ஏறினார், கதவு மூடிக்கொண்டது, பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு அது போயிற்று.

லூன் நேரோஸில் ஒரு மனிதனை இப்படி வாய்விட்டு, நேருக்கு நேராக, சிரிக்காமல் புகழ்வது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அப்போது அவன் பெட்டிக்குள் படுத்திருப்பான். இசிடோர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டான். கீனன் வெளிறிய முகத்தோடு பால் பெட்டியை அம்மாவிடம் கொண்டுவந்து வைத்தான்.

“பெரியப்பாவுக்கு டாக்டர் ஏதாவது சொல்லிட்டாராம்மா?”

ஆம்ப்ரோஸ் அவளைத் தன் வண்டியில் ஏறச் சொன்னான்.

“பரவாயில்லைங்க. நடந்தே போயிடறேன்” என்றாள்.

அவனுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று பட்டது. சரியாகத்தான் விழுந்திருந்தது. அன்று சாயங்காலம் அவன் கேண்டீனுக்குப் போனபோது, அவள் சாஸரில் வைத்துத் தேநீர் கொடுத்தாள். கேண்டீனில் சாஸர் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

“உக்காருங்க. சர்க்கரை போதுமா?”

“பிலோமின், என்ன இது?”

“ஒண்ணுமில்லைங்க. நீங்க செஞ்ச உதவி பெரிசு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் வெட்கத்தில் குறுகிப்போயிருந்தாள். தாயால் சொல்ல முடியாததை இவன் ஊரறியச் சொல்லிவிட்டான். இனி டிராஃப்டில் யாரும் எடுக்காமல் போனால், இத்தனை புகழ்ச்சியையும் சுமந்துகொண்டு அந்தப் பையன் இந்த ஊரில் எப்படி நடமாடுவான்? ஊருக்கும் அதே பயம்தான். யாரும் ஆம்ப்ரோஸை அதன்பிறகு சம்மட்டி என்று கூப்பிடவில்லை. அவன் உள்ளே வந்தால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கீனன் அவனைப் பார்த்தால் ஸ்கேட் நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டான், ஸ்கேட் போடாத நாட்களிலும். பதினோரு வருடம் வாங்கிய குத்தெல்லாம் ஒரு பக்கம், இந்த மரியாதை ஒரு பக்கம் என்று ஆம்ப்ரோஸ் நொந்துபோனான்.

மே மாதம் அணி அலுவலகத்தில் ஸ்கவுட்கள் கூட்டம். ஆம்ப்ரோஸ் எழுந்து, ஓடுதளத்தில் சொன்னதை அப்படியே மறுபடி சொன்னான். முதல் தடவை செத்தவனுக்கு இரண்டாவது தடவை அவ்வளவு வலிக்கவில்லை. ரஸ்ஸல் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிவைச் சொல்லவில்லை.

ஜூனில் டிராஃப்ட். பெரிய மண்டபத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேஜை. ஆம்ப்ரோஸ் கழுத்தை நெரிக்கிற டையோடு ரஸ்ஸலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். லூன் நேரோஸில் ஊர் முழுவதும் அரங்கில் திரை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். முதல் சுற்று போனது, இரண்டாவது, மூன்றாவது. வேறு அணிகளும் கீனனை எடுக்கவில்லை. நாலாவதில் அவர்கள் அணி ஒரு ஸ்வீடன்காரனை எடுத்தது. ஐந்தாவதில் ஒரு கோல்கீப்பரை எடுத்தது. ஆம்ப்ரோஸ் தண்ணீர்க் குவளையைத் தூக்கினான், குடிக்காமலே வைத்தான். பிரஸ்டனும் இன்னும் மிச்சமிருந்தான். ஆறாவது சுற்றில் தங்கள் முறை வந்ததும் ரஸ்ஸல் எழுந்து மைக்கிடம் போனார். ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பவே இல்லை.

“தடுப்பாட்டம், லூன் நேரோஸ்” என்றார். அதற்குப் பிறகு ரஸ்ஸல் விட்ட மூச்சு மைக்கில் கேட்டது. “கீனன் பாலண்டைன்.”

ஆம்ப்ரோஸின் கோணல் விரல்களுக்குப் போனில் எண்களை அழுத்த வரவில்லை. மூன்றாவது தடவைதான் கேண்டீன் போன் மணியடித்தது. பிலோமின் எடுத்தாள். பின்னால் சத்தமே இல்லை, ஒரு அரங்கு முழுக்க ஜனங்கள் இருந்தும்.

“பிலோமின். பாத்தியா?”

“பாத்தோம்.”

அடுத்து, ரொம்ப நன்றிங்க என்று சொல்லப் போகிறாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பையன் பிழைத்தான், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஆறாவது சுத்தா?” என்றாள்.

“ஆமா.”

“அது வரைக்கும் அங்க தூங்கிட்டா இருந்தே மச்சான்?”

பின்னால் அரங்கு வெடித்துச் சிரித்தது. இசிடோர் ஏதோ கத்தினான், கீனன் அதற்கும் மேலே எதையோ கத்தினான், பெரியப்பாவின் டையைப் பற்றி. ஆம்ப்ரோஸ் டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேஜைக்குத் திரும்பி வந்த ரஸ்ஸல் அவனைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

“என்ன ஆச்சு, ஆம்ப்ரோஸ்? என்ன சொல்றாங்க?”

“திட்டறாங்க” என்றான் ஆம்ப்ரோஸ், போனைக் காதைவிட்டு எடுக்காமல்.